மாற்றி வைத்த கேள்வி

எடிட்டிங் அறையில் ஏசி எலும்பைத் துளைக்கிறது. முப்பது வருஷம் கடல்மட்டம் அளந்த விஞ்ஞானி அம்மா, திரையில் வாய் பாதி திறந்தபடி உறைந்திருக்கிறார். "பூமி சூடாகுதுங்கறதுல இன்னும் சந்தேகப்படணுமா?" என்று நிகழ்ச்சித் தொகுப்பாளர் காலைப் பேட்டியில் கேட்டதற்கு, "தேவையே இல்ல" என்றிருந்தார். தொகுப்பாளர் இப்போது மைக்கை இழுத்து, அதே குரலில் புதுசாகக் கேட்கிறார்: "கடல் உள்ள வருதுன்னு ஜனங்க பயப்படணுமா?" எடிட்டர் பழைய கேள்வியை வெட்டி, புதுசை ஒட்டி ஓட்டுகிறார். "தேவையே இல்ல." அம்மா சிரிக்கவும் செய்கிறார். "கச்சிதம்ணே!" என்கிறார் எடிட்டர். மேசையில் போன் அதிர்கிறது. அந்த அம்மாதான். "தம்பி, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? கடலோரத்துல என் தங்கச்சி வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கறா. நான் டிவியில சொன்னாத்தான் நம்புவாளாம்." தொகுப்பாளர் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "எட்டு மணிக்கும்மா. அவங்களைக் கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க."