அப்பாவின் கிளர்ச்சி

"பிறந்தநாள் பரிசுன்னு சொல்லிப் பெத்த அப்பனையே வேவு பாக்கறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றாள் அம்மா.

மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண் முழுக்கக் கைப்பேசியிலேயே இருந்தது. அப்பாவின் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டை நாடித் துடிப்பை அனுப்பும். அதை வைத்து மனுஷன் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கைப்பேசி சொல்லிவிடும்.

வேவு பார்க்கக் காரணம் இருந்தது. அப்பா பல் டாக்டர். மகளும் போன வருஷம் படித்து முடித்த பல் டாக்டர். கிளினிக்கில் அவளுக்கென்று இரண்டாவது நாற்காலி வந்தாயிற்று. வாசல் பலகையில் அப்பா பேருக்குக் கீழே அவள் பேரும் ஏறியாயிற்று.

அவளுக்கோ அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தாலே குமட்டுகிறது. பொம்மைக் கம்பெனி ஒன்றில் பொம்மை வடிவமைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா அமைதியாக இருக்கிற நேரம் பார்த்து விஷயத்தை உடைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பட்டை.

"என்னதான்டி காட்டுது?"

"தனியா இருந்தா அமைதின்னு காட்டுதும்மா. நான் கிளினிக்குள்ள கால் வெச்சா போதும், கிளர்ச்சின்னு காட்டுது."

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கிளர்ச்சியா? நான் இருக்கற வீட்டுல அவர் யாரை எதிர்த்துடி கிளர்ச்சி பண்ணுவார்?"

மகள் பட்டை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"சந்தோஷமோ பயமோ கோபமோ, நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிச்சுக்கும் மேடம். அதனால பொதுவா கிளர்ச்சின்னு வெச்சுட்டோம். எதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்றது ஒரு குரல்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது? பெண் வெள்ளைக் கோட்டோடு பக்கத்தில் வந்து நிற்கிற பூரிப்புதான், வேறென்ன.

"நேத்து கையுறையை மாட்டினேம்மா. அதுக்கே எகிறிடுச்சு."

"பாவம்டி, அவ்வளவு ஆசை வெச்சிருக்கார்."

மகள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். இந்த மனுஷன் தலையில் எப்படிக் கல்லைத் தூக்கிப் போடுவது?

சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் கிளினிக்குள் போனாள். அப்பா கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் வழக்கம்போல கிளர்ச்சி.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

இன்னும் எகிறியது.

"சொல்லும்மா." அவர் குரலே சரியாக இல்லை.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொட்டிவிட்டாள். "எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்ப்பா. பொம்மைக் கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

பயந்துபோய்க் கைப்பேசியைப் பார்த்தாள். துடிப்பு மளமளவென்று இறங்கி, அமைதி என்று காட்டியது.

பட்டை கழன்றுவிட்டதோ என்று அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு வருத்தமே இல்லையாப்பா?"

"எதுக்கு வருத்தம்? உனக்குப் பிடிச்சதைப் பண்ணு. நாற்காலில வேற டாக்டர் யாராவது உக்காந்துட்டுப் போறாங்க."

"அப்போ நான் உள்ள வந்தாலே உங்க நெஞ்சு அப்படி அடிச்சுக்கிச்சே?"

அப்பா பட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். "அதெல்லாமா இதுல தெரியுது?"

"சொல்லுங்கப்பா."

"பயம்தாம்மா" என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டே. "போன மாசம் எனக்குப் பல் வலின்னு பிடுங்கிவிட்டியே..."

"ஆமா. வலி சுத்தமாப் போயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"நம்ம கிளினிக்குல முதல் முதலா நீயே பிடுங்கின பல். அவ்வளவு சந்தோஷமா அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னே. வலிக்கிற பல் இன்னும் வாயிலதான் இருக்குன்னு எப்படிம்மா சொல்றது?"