பாறையைத் தூக்கிய மூட்டைக்காரர்

"அண்ணே, இந்தத் தடவையும் சரியா வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன். பாறையைத் தூக்கும்போது நல்லா முக்குங்க," என்றான் வேலை வாங்கும் தம்பி.

இருபது வருடம் மூட்டை சுமந்தவருக்குச் சுருக்கென்றது. "தூக்கும்போது எவன் தம்பி சத்தம் போடுவான்? மூச்சைப் பிடிச்சுக்குவான். இறக்கி வைக்கும்போதுதான் முக்கலே வரும்."

"சரி, உங்க இஷ்டப்படியே தூக்குங்க!"

அவர் காலை அகட்டி மூச்சடக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, முதுகு நனைந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து, "ஹப்ப்பா..."

"பிரமாதம்!"

வெறுங்கையால் வியர்வையைத் துடைத்தபடி அவர் மைக்கை விட்டு விலகினார். எதிரே திரையில், ஆன்லைன் விளையாட்டுக்குள் நடக்கும் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் பச்சை ராட்சசன் பாறையை இறக்கிவிட்டு, அவர் குரலில் மூச்சு வாங்கினான்.

"இவனுக்கு இனி நீங்கதான் குரல். அறுபது எபிசோடும் பாறை தூக்குவான்."

"தூக்கட்டும் தம்பி. இடுப்பு அவனோடதுதானே!"