இரண்டாவது தாள்

குயின் ஸ்ட்ரீட்டில், நகல் எடுத்துத் தரும் போட்டோஸ்டெட் கடையில், லேமினேட் மெஷினின் வாயிலிருந்து இரண்டாவது தாளைப் பிடுங்கப் பார்க்கிறாள் சபூரா. முதல் தாள் மறுபக்கம் வந்து விழுந்துவிட்டது: வழவழவென்று, இளஞ்சூட்டோடு, கன்னங்கரேலென்று. மேடைப் பாடகரான அத்தா, கடல் தாண்டி மேடான் நகருக்குக் கச்சேரிக்குப் போன இடத்திலிருந்து கைப்பட எழுதி வீட்டுக்கு ஃபேக்ஸில் அனுப்பிய கடைசிப் பாட்டு அது. அவருடைய பெட்டியில் நோட்டீஸ்கள், ஒப்பந்தங்கள், போலீஸ் பெர்மிட்டுகள் எல்லாம் நன்றாகவே இருக்க, இந்த இரண்டு தாள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று அவளேதான் எடுத்துவந்தாள்.

"நிப்பாட்டுங்கண்ணே! எழுத்தெல்லாம் போவுது!" கடைக்கார மோகனராஜ் அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டு பிளக்கைத் தேடுகிறார். "ஃபேக்ஸ் பேப்பர்னு சொல்லலையேக்கா. சூடு பட்டா கறுத்துரும்லா." உருளைகள் இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அவள் முதுகு போட்டோஸ்டெட் மெஷினில் இடிக்கிறது. இரண்டு கையாலும் இழுக்கிறாள். வியர்த்த விரல்களில் பிளாஸ்டிக் வழுக்குகிறது. பாட்டு ஒவ்வொரு வரியாக உள்ளே போய்விட்டது. வெளியே மிஞ்சியிருப்பது, தாளின் அடியில் அத்தா கிறுக்கிய, அவள் நூறு தடவை படித்த ஒற்றை வரி: 'சபூரா, இதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கம்மா.'