விருந்தாளிக்கு வைத்திருந்த பீர்

"இன்னொரு கிளாஸா? உனக்கு இருக்கிறது வயிறா, கிணறா ரெஜ்?"

டிலிஸ் கேட்டது காதிலேயே விழாத மாதிரி ரெஜ் கிளாஸை நீட்டினார். குதிரைக்கு லாடம் அடித்து ஓய்ந்த மனுஷன். அந்தப் பப்பில் அவருக்கென்று ஒரு நாற்காலியே தேய்ந்து கிடக்கிறது.

டிலிஸின் வீட்டுக்காரர் வில்ஃப் சிரித்த முகமாக, பீப்பாயிலிருந்து வரும் குழாயின் கைப்பிடியை இழுத்து ஊற்றினார். பின்னால் இருக்கும் கொட்டகையில் அவரே காய்ச்சுகிற பீர். அதற்காக மலை தாண்டி ஆள் வந்த காலம் உண்டு. இப்போது பெரிய சாலைப் பக்கம் புதுக் கடைகள் வந்து, இங்கே பாதி மேஜை காலி.

இன்றைக்குத்தான் மாவட்ட பீர் சங்கத்து பெட்டிஃபர் வருகிறார். இந்த வருஷத்துச் சிறந்த பப் எது என்று சொல்லப் போகிறவர். அவர் இவர்களைச் சொன்னால் கூட்டம் திரும்பும். சொல்லாவிட்டால் இந்தக் குளிர்காலத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான்.

வில்ஃப் காலையில் வழக்கம்போல முதல் கிளாஸைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து, ஒரு வாய் குடித்து, "பிரமாதம்" என்று தலையாட்டினார். டிலிஸுக்கு அந்தத் தலையாட்டல் போதும். அவள் வேல்ஸ் பக்கத்துச் சர்ச் குடும்பம். தன் கல்யாணத்துக்கே எலுமிச்சைச் சாறு குடித்தவள். பீர் விற்பாள், தொடமாட்டாள்.

பீப்பாயில் மிச்சம் இருந்ததே கொஞ்சம். அடுத்த பீப்பாயில் பீர் இன்னும் தெளியவில்லை.

கதவு திறந்ததும் முதல் ஆளாக ரெஜ் வந்தார். ஒரு மடக்கு குடித்தார். வாசலுக்குப் போய், தெருவில் போன நார்மனையும் எட்னாவையும் கைதட்டிக் கூப்பிட்டார். அப்போது ஆரம்பித்தது. மூன்று பேரும் கீழே வைக்காமல் குடிக்கிறார்கள்.

"விருந்தாளிக்கு மிச்சம் வைங்கப்பா!"

"தாகம்மா, தாகம்" என்றார் ரெஜ்.

"வெளியே இந்த மழை பெய்யுது. உனக்கு மட்டும் என்ன தாகம்?"

ஆடு வளர்க்கிற நார்மன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் இறக்கினார்.

"பாரு டிலிஸ், எப்படி ரசிச்சுக் குடிக்கிறான்!" வில்ஃபுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஊத்துடா வில்ஃப்" என்றாள், தபால் கொடுத்து ரிட்டயரான எட்னா. ஏப்பம் விட்டாள்.

கைப்பிடி இருமியது. நுரை வந்தது. பிறகு வெறும் காற்று.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் பெட்டிஃபர் கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும் சார்... இப்பத்தான் தீர்ந்துபோச்சு." டிலிஸுக்குத் தலை நிமிரவில்லை.

"மொத்தமாவா?" பெட்டிஃபர் காலி கிளாஸ்களைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார். சிரித்துவிட்டார். "நான் வர்றது தெரிஞ்சும் நிறுத்த முடியலையா? சரி, அடுத்த சனிக்கிழமை வரேன். எனக்கு ஒரு கிளாஸ் ஒளிச்சு வைங்க."

ஊறுகாய் வெங்காயத்தோடு, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். குடை பிடித்துக் கார் வரைக்கும் கூடப் போனார் வில்ஃப்.

டிலிஸ் மேஜைமேல் துணியை ஓங்கி அடித்தாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? என் வீட்டுக்காரர் ஒரு வாரமா தூங்கல! ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைக் கட்ட முடியலையா? ரெஜ், இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, தெரியும் சேதி!"

ரெஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலை எட்டிப் பார்த்தார். வில்ஃப் இன்னும் கார் ஜன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

ரெஜ் தன் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "அடியில ஒரு சொட்டு இருக்கு. நாக்குல வை."

"நான் தொடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு மட்டும் தொடு தாயி."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பல்லெல்லாம் கூசியது. சமையல்கட்டில் இருக்கும் வினிகர் எவ்வளவோ தேவலை.

"ஆனா... அவர் காலையில குடிச்சுப் பார்த்தாரே?"

"போன மாசம் ஜுரம் வந்து போனதிலேர்ந்து அவனுக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. வெளிய சொல்ல வெக்கப்பட்டு, பழைய ஞாபகத்துல தலையாட்டறான். இதைக் கீழ கொட்டியிருந்தா அவனுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். வந்தவர் குடிச்சிருந்தா ஊருக்கே தெரிஞ்சுபோயிருக்கும்."

எட்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நார்மன் தண்ணீர் கேட்டார்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. ரெஜ் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"சனிக்கிழமை விடிஞ்சதும் நான் வந்து, ஓசிக்கு அலையறவன் மாதிரி முதல் கிளாஸை அவன் கையிலேர்ந்து பிடுங்கி, ருசி சரியான்னு குடிச்சுப் பார்த்துடறேன். நீ மட்டும் இன்னிக்குத் திட்டின மாதிரியே நல்லா சத்தமாத் திட்டணும், என்ன?"