வேண்டாம் என்று சொல்லப்போகும் ஆள்

முதலில் சாவிக்காரரை வெளியே அனுப்பினேன்.

மனைவியோடு பரிசோதனைக்கு வரும் ஆண்களைக் கொஞ்ச நேரம் கிளப்பிவிட எங்கள் நர்சுகளிடம் ஆளுக்கொரு வித்தை உண்டு. ஒருத்தி காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். இன்னொருத்தி இல்லாத ரிப்போர்ட்டை வாங்கிவரச் சொல்வாள். இவருக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூட்டு பழுதுபார்த்து மாற்றுச் சாவி போட்டுக் கொடுக்கிற மனிதர். பக்கத்து அறை மருந்து அலமாரியின் பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று சொன்னதுதான் தாமதம், விருந்துக்குக் கூப்பிட்டதுபோல எழுந்து போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எதிரே டிரைவரம்மா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இப்போது ஒன்பதாம் மாதம் என்பதால் லீவு. வீட்டில் ஏற்கெனவே இரண்டு வால்கள். உட்கார்ந்தவுடன் நாற்காலியை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, முதுகுக்குச் சரியாக வைத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பப்போகிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

அவள் வந்த விஷயம் ஒன்றுதான். பிள்ளை பிறந்த கையோடு, பிரசவ மேசையை விட்டு இறங்குவதற்குள், கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுவிட வேண்டும். அதை இன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும்.

எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இந்தப் பேச்சை நானாக எடுத்தால்கூடப் பலர் கூரையில் ஓட்டை தேடுவார்கள். இவள் தானாக வந்து கேட்கிறாள்.

மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுவிடுமா, வேகத்தடையில் ஏறினால் ஒன்றும் ஆகாதா என்று விசாரித்தாள். வேகத்தடைக்கெல்லாம் பயப்படாது, ஆனால் சில வாரம் கழித்து வந்து ஒரு முறை காட்டிவிட்டுப் போ என்றேன்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் பாக்குற மனுஷர், சொந்த வீட்டை இப்படித் தெறந்து போட்டுட்டாரே" என்று சீண்டினேன்.

அவள் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு வயிற்றுக்குள்ளும் போயிருக்க வேண்டும். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. அந்த இடத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவசரத்தின் காரணத்தைச் சொன்னாள்.

பிள்ளை பெற்றுத் திரும்பி, கை மறுபடி வண்டிக்குப் பழகுவதற்குள் அடுத்த லீவு. இந்த முறை டிப்போ மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம், இன்னொரு தடவை என்றால் டிக்கெட் கவுன்டர்தான், வண்டி கிடையாது என்று. கவுன்டரில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

அப்புறம் என் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்கு ஒரு ஆளு வேண்டாம்னு சொல்லும் சிஸ்டர். அழும். கையப் புடிச்சிக் கெஞ்சும். நீங்க மசியவே கூடாது."

எனக்கு வந்ததே கோபம். பக்கத்து அறையில் சாவிக்காரர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். ஒருவேளை இவர் இல்லாமல் மாமியாராக இருக்கலாம். யாராக இருந்தால் என்ன, பிரசவ அறை வாசலில் எத்தனையோ மாமியார்களோடு மல்லுக்கு நின்றவள் நான்.

நிமிர்ந்து உட்கார்ந்து, இதுபோன்ற நேரத்துக்கென்றே வைத்திருக்கும் பேச்சை எடுத்துவிட்டேன்.

"புருஷனோ மாமியாரோ, யார் வந்து நின்னாலும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா. போடறதுக்கு முன்னாடி உன்னை மட்டும்தான் கேப்போம். நீ சொல்றதுதான் முடிவு."

இதைக் கேட்டு முகம் மலராத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. டிரைவரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஐயோ சிஸ்டர், அந்த ஆளே நான்தான்."

முதல் பிரசவத்தின்போதும் இதே மாதிரி முன்கூட்டியே எல்லாம் பேசி வைத்திருக்கிறாள். இரண்டாவதிலும் அப்படித்தான். இரண்டு தடவையும் ஈரத் தலையோடு பிள்ளையை நெஞ்சில் கிடத்தியதும் எல்லாம் போச்சு. இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அவளேதான். வெளியே காத்திருந்த சாவிக்காரர் விஷயம் கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். இன்றைக்கு அவளைக் கிளப்பிக் கூட்டிவந்ததும் அவர்தான்.

"கேக்காமலே போட்டுடுங்களேன்."

அது மட்டும் நடக்காது என்றேன். யாரையும் கேட்காமல் எதையும் போடுவதில்லை, நீயே எழுதிக் கொடுத்தாலும் கேட்போம் என்றேன்.

வயிறு விட்ட அளவுக்கு மேசைமேல் சாய்ந்தாள்.

"அப்போ கேளுங்க. ஆனா, குழந்தைய எங்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க."

சரி என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்னபோது குரல் வெளியே வரவே இல்லை, உதடுதான் அசைந்தது. பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக் கேட்கக் கூடாதென்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். வயிற்றின் இரண்டு பக்கத்தையும், ஒரு சின்னத் தலையின் காதுகளைப் பொத்துவதுபோல, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.