உப்புப் பார்த்தவள்

1928, ஆம்பூர். கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் ரம்ஜான். வெள்ளைக்காரத் துரை வீட்டு விருந்தில் ருசித்துவிட்டு வந்து கணவன் புகழ்ந்து சொன்ன மாதிரியே, ஜஹீருன்னிசா தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் வில்லைகளாக நறுக்கிப் பூப்போல அடுக்கினாள். நேற்று அவள் சமையலில் உப்பு கரித்து, அவன் பாதியிலேயே எழுந்துவிட்டான். நோன்பிருப்பவள் எப்படி ருசி பார்ப்பாள்?

பக்கத்து வீட்டுத் தேவகிருபையிடம் தட்டை நீட்டினாள். "அக்கா, நீங்கதான் உப்பு பார்த்துச் சொல்லணும்."

தேவகிருபை சற்றுத் தயங்கி, ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"கம்மியா இருக்குடி. இன்னும் ஒரு சிட்டிகை போடு. இன்னைக்கு உன் வூட்டுக்காரரு தட்டையும் சேத்து முழுங்கிடுவாரு பாரு!"

அன்று தட்டில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. ஜஹீருன்னிசா தனியாக எடுத்துவைத்திருந்த கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்றிருந்த தேவகிருபையின் கணவரிடம், அக்காவுக்கு என்று நீட்டினாள்.

"அவளுக்கா? எங்க லெந்து நோன்பு நாளாச்சேம்மா. காலையிலேர்ந்து உபவாசம். பச்சத்தண்ணிகூட வாயில படல."