பாதி ரேட்டு

சில்வெஸ்டரின் துருப்பிடித்த பழைய ஃபியட்டை மூன்று டிங்கரிங் ஷெட்டுகளில் காட்டியாகிவிட்டது. அவர்கள் கேட்ட காசுக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம். நாலாவதாக, பொம்மனஹள்ளி முனிகிருஷ்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நம்பர் பிளேட் அருகே சற்று நின்றார். மற்றவர்கள் கேட்டதில் பாதிதான் சொன்னார்.

சில்வெஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஓட்டையில பட்டியை அப்பி, மேல பெயின்ட் அடிச்சுக் குடுத்துடுவீங்களா? எங்க கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் போன வண்டிங்க இது. இருபத்தஞ்சாவது வருஷத்துக்கும் என் வொய்ஃபை இதுலதான் கூட்டிட்டுப் போகணும்."

"துருவை வெட்டிட்டுப் புதுத் தகரம் வெல்டு பண்ணித் தரேன் சார்."

"இந்த ரேட்டுல உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"

முனிகிருஷ்ணன் பின்கதவுக்குக் கீழே விரலால் தட்டினார்.

"இங்க பட்டி இருக்கு. உள்ள ஒரு பனியன் இருக்கும்."

"பனியனா?"

உளியை வைத்து ஒரு போடு போட்டார். பட்டி பெயர்ந்து விழுந்தது. ஓட்டைக்குள்ளிருந்து மக்கிப்போன பனியன் துணி கையோடு வந்தது.

சில்வெஸ்டர் குனிந்து அதைப் பார்த்தார்.

"நம்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு சார். அப்ப நான் சிவாஜி நகர்ல ஒரு ஷெட்டுல இருந்தேன். விடிஞ்சா பையனுக்குக் கல்யாணம்னு உங்கப்பா வந்து நின்னாரு. தகரம் வெட்ட நேரமில்ல. நான் போட்டிருந்த பனியனைக் கழட்டித் திணிச்சு, பட்டி பூசி அனுப்பிட்டேன்."

துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மீதி ரேட்டை அவர் அன்னைக்கே குடுத்துட்டாரு சார்."